பிரேக்குக்கு அடியில் ஒரு பிஸ்கட்

இருபத்தொரு வருடம் அவள் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கினாள். நம்மில் பலர் இதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்துவருகிறோம் என்பது வேறு விஷயம். அவளுடையது விளையாட்டு வேலை இல்லை. மருந்துக் கம்பெனியில் புட்டிகளிலும் அட்டைப்பெட்டிகளிலும் ஒட்டுகிற லேபிள்கள் அச்சுக்குப் போகும் முன் அவளிடம்தான் வரும். ஐந்து மில்லி என்பது ஐம்பது மில்லி ஆகிவிட்டால் எங்கேயோ ஒருவர் படுக்கையிலிருந்து எழுந்திருக்க மாட்டார். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு லேபிளையும் மூன்று தடவை படிப்பாள். முதல் தடவை எழுத்துக்கு, இரண்டாவது எண்ணுக்கு, மூன்றாவது தடவை கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி. மூன்றும் முடியாமல் பேனாவைத் தொடக்கூடாது என்பது அந்த அறையின் சட்டம். புதிதாகச் சேருகிறவர்களிடம், "ஒரு தடவை பாத்துட்டு கை வெச்சா அது பார்வை இல்ல, பயம்" என்று சொல்வாள். கம்பெனி முழுக்க அவளுக்கு லேபிள் அக்கா என்றுதான் பெயர். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

போன வருடம் கம்பெனி ஒரு கேமரா மெஷின் வாங்கியது. நிமிடத்துக்கு நூறு லேபிள் பார்க்கும், டீ கேட்காது, தலைவலி என்று அரை நாள் லீவு போடாது. லேபிள் அறையில் இருந்த நான்கு பேரையும் நல்ல வார்த்தை சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது.

வீட்டில் இரண்டே பேர்தான் அவளைத் தவிர. கணவர் பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். முன்னறையில் ஒரு மேசை, மேலே வளைகிற விளக்கு, பூதக்கண்ணாடி, வாய் பிளந்து கிடக்கும், பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள். அதிராத கை, அதட்டாத வாய். மகள் கல்லூரி இரண்டாம் வருடம். அப்பாவிடம் இல்லாத வாயையெல்லாம் சேர்த்து வாங்கிக்கொண்டு பிறந்தவள்.

"அப்பா, அம்மா சீக்கிரம் ஒரு வேலைக்குப் போகலன்னா நம்ம ரெண்டு பேர் முதுகுலயும் லேபிள் ஒட்டிடுவாங்க" என்றாள் அவள், முதல் மாதமே. பொய் இல்லை. அதற்குள் அக்கா மகளுடைய கல்லூரிக் கட்டுரையில் பதினாறு தப்பும், கணவர் மசாலா டப்பாக்களை அடுக்கியிருந்த விதத்தில் நான்கு தப்பும் கண்டுபிடித்திருந்தாள்.

அக்கா சும்மா உட்காருகிற ஆளும் இல்லை. முதலில் ஒரு பூக்கடைக்குப் போனாள். பூங்கொத்து கட்டும் வேலை. புள்ளி விழுந்த இதழ், ஓரம் கருத்த இதழ் என்று ஒவ்வொன்றாகக் கழித்ததில் மதியத்துக்குள் பாதிக் கடை குப்பைத்தொட்டியில் கிடந்தது. கடைக்காரர் கும்பிடாத குறையாக வழியனுப்பினார். அடுத்து நூலகத்தில் மூன்று வாரம். அங்கே தப்பு செய்ய ஆளே வரவில்லை. அப்புறம் வீட்டிலிருந்தே தட்டச்சு. அதில் முதுகுதான் வலித்தது.

பிடிக்காத வேலை எது என்று கேட்டால் பட்டியல் கொடுக்க முடிந்தது. பிடித்த வேலை எது என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வயசுக்கு அது தெரியாமல் இருப்பது வெட்கமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

மகள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தபோது துணைக்குப் போய்ப் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். அந்த டிரைவிங் ஸ்கூலில் ஒரு வண்டிக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் காத்திருக்க வேண்டும். மகளோடு சேர்ந்து வந்தவர் ஒரு கணக்கு டீச்சர். ஐம்பது வயதுக்கு மேலே இருக்கும். நாற்பது பிள்ளைகளைக் கண்ணாலேயே அடக்குகிறவர், ஸ்டியரிங்கைப் பிடித்ததும் வெலவெலத்துப் போவார். ஒருநாள் வண்டி கோணல்மாணலாக ஓடி, நடுத்தெருவில் நின்றுவிட்டது. டீச்சர் அழ ஆரம்பித்துவிட்டார். சொல்லிக்கொடுப்பவர் என்ன சொல்லியும் கேட்கவில்லை.

அக்கா பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள். "டீச்சர், நீங்க பானெட்டையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. அது எங்கயும் போகாது, நம்ம கூடவேதான் வரும். அந்தத் தெருக்கோடில ஒரு பச்சை கேட் இருக்கு பாருங்க, அதைப் பாத்து ஓட்டுங்க."

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பச்சை கேட்டைப் பார்த்தார். வண்டி நேராகப் போனது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் கண்ணாடியில் டீச்சரின் சிரித்த முகத்தைப் பார்த்த அக்காவுக்கு உள்ளே என்னவோ குளிர்ந்தது. இருபத்தொரு வருடத்தில் அவள் திருத்திய எந்த லேபிளும் அப்படிச் சிரித்ததில்லை.

மறுநாளே டிரைவிங் ஸ்கூல் முதலாளியைப் போய்ப் பார்த்தாள். முதலாளி முப்பது வயதுப் பெண். குட்டை முடி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிஸ்கட் பாக்கெட். மாணவர்கள் எல்லோரும் பிஸ்கட் மேடம் என்பார்கள். அது தின்பதற்கான பிஸ்கட் இல்லை என்பது அக்காவுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"நீங்க எத்தனை வருஷமா ஓட்டுறீங்க அக்கா?"

"பதினெட்டு வருஷம். ஒரு கீறல் கூட இல்ல."

"அதான் பயமா இருக்கு" என்றாள் மேடம்.

நிபந்தனையைச் சொன்னாள். சொல்லிக்கொடுப்பவரின் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதன் அடியில், தரையோடு சேர்த்து, காகிதத்தில் சுற்றிய ஒரு பிஸ்கட்டை மேடம் காலையில் ஒட்டிவைப்பாள். லேசாக மிதித்தால் ஒன்றும் ஆகாது. அழுத்தி மிதித்தால் நொறுங்கும். பாடம் முடிந்ததும் பிஸ்கட் முழுசாக இருக்க வேண்டும்.

"ஆளோ நாயோ குறுக்க வந்தா யோசிக்காம மிதிங்க. பிஸ்கட் போனா போகட்டும், நான் வேற தரேன். சும்மா பயத்துல மிதிச்சீங்கன்னா மட்டும் கணக்கு. நீங்க மிதிச்சுக்கிட்டே இருந்தா அவங்க எப்ப ஓட்டுறது?"

இரண்டு வாரம் பார்ப்பதாக ஏற்பாடு. கடைசி நாள் சோதனைக்கு மட்டும் ஒரு தனி வழக்கம் இருந்தது. வீட்டு ஆள் ஒருவரை அழைத்து வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். "வெளி ஆளுங்ககிட்ட எல்லாருக்கும் பொறுமை வந்துடும். வீட்டு ஆள்கிட்ட வருதான்னு பாப்போம்" என்றாள் மேடம்.

அந்த வாரமே பழைய கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இன்னொரு கிளையில் இடம் இருக்கிறதாம். கேமரா மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, அது சரி என்று சொன்னதும் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். பழைய சம்பளம், பழைய மேனேஜர். இரண்டு வாரம் கழித்து வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். மேடம் குறித்திருந்த சோதனையும் அதே சனிக்கிழமை காலைதான். கடிதத்தை அக்கா ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது அவளைப் பார்த்தது.

"ரெண்டு கால்ல ஒரு கால எங்கயாவது வெச்சுத்தானே ஆகணும்" என்றார் கணவர், ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்தபடியே. "டிரைவிங் ஸ்கூல் வேலை கிடைச்சா இது வேண்டாம். அது கிடைக்கலன்னா இது இருக்கு. எதுக்குக் கவலைப்படுறே?"

"எனக்கு அதுதாங்க வேணும்" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் எவ்வளவு வேணும் என்று அவளுக்கே தெரிந்தது. கணவர் பல்லைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

முதல் நாள் பாடம் கணக்கு டீச்சருக்கு. மேடம் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். முதல் திருப்பத்திலேயே பிஸ்கட் மாவாகிவிட்டது. இரண்டாவது நாள் அந்தத் திருப்பம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. டீச்சர் தப்பு செய்வதற்கு முன்பே அக்காவின் கால் அதைக் கண்டுபிடித்துவிடும். இருபத்தொரு வருடத்துப் பழக்கம் கண்ணிலிருந்து காலுக்கு இறங்கியிருந்தது.

"வண்டிய நான் ஓட்டுறேனா நீங்க ஓட்டுறீங்களா?" என்று டீச்சரே கேட்டுவிட்டார்.

நான்காம் நாள் பிஸ்கட் முழுசாக இருந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, நீங்க ரெண்டு காலையும் மடக்கி சம்மணம் போட்டு உக்காந்திருந்தீங்க. நான் பின்னாலதான் இருந்தேன்."

அக்கா அசடு வழிந்தாள்.

"கால் பிரேக்குக்குப் பக்கத்துலயே இருக்கணும். ஆனா மிதிக்கக் கூடாது. அதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம். ஓடி ஒளியறதுக்கு இல்ல."

ஐந்தாம் நாள் காலைத் தரையில் வைத்து, வாயைத் திறந்தாள். மெதுவா, மெதுவா, இடப்பக்கம் பாருங்க, கண்ணாடி பாருங்க, சைக்கிள் வருது பாருங்க, பாருங்க, பாருங்க. பிஸ்கட் பிழைத்தது. டீச்சருக்குத்தான் காது வலித்தது.

"இப்ப வாயால பிரேக் போடுறீங்க" என்றாள் மேடம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அக்கா சமையலறையில் நாற்காலியைப் போட்டு, எதிரே ஒரு செருப்பைப் பிரேக்காக வைத்து, பக்கத்தில் காலை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். மகள் வந்து பார்த்தாள். வழக்கமாக வாய் சும்மா இருக்காதவள், ஒன்றும் பேசாமல் இன்னொரு நாற்காலியைப் போட்டு, ஒரு தட்டை ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நான் சுவத்துல மோதப்போறேன்" என்றாள் மகள். "என்ன பண்ணுவே?"

அக்காவின் கால் துடித்தது. அப்போதுதான் லேபிள் அறையின் சட்டம் ஞாபகத்துக்கு வந்தது. மூன்று தடவை. எழுத்து, எண், தலைகீழ். இங்கேயும் மூன்று பார்வை பார்த்தால் என்ன? சுற்றிலும் ஒரு பார்வை, உயிர் ஏதாவது இருக்கிறதா என்று. வேகத்தின் மேல் ஒரு பார்வை. மூன்றாவது, ஓட்டுகிறவர் கையின் மேல், அந்தக் கை தானே யோசிக்கிறதா என்று. மூன்றும் பார்த்த பிறகும் ஆபத்து இருந்தால் மிதிக்கலாம். ஒரு தடவை பார்த்துவிட்டு மிதித்தால் அது பயம். இதை ஊருக்கெல்லாம் சொன்னவளே அவள்தான்.

ஒரு லேபிளைப் படிக்க மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டவளுக்கு, ஒரு திருப்பத்தில் மூன்று பார்வைக்கு ஒரு மூச்சு நேரம்தான் கிடைத்தது. பழகிவிட்டது. எட்டாம் நாள் பிஸ்கட்டின் ஓரம் மட்டும் உடைந்திருந்தது. பத்தாம் நாள் முழுசு. டீச்சர் மார்க்கெட் சுற்றுக்குப் போய் வண்டியைத் தானே திருப்பிக்கொண்டு வந்தார். இறங்கும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, விடவே இல்லை.

சனிக்கிழமை காலை. வீட்டு ஆள் யார் என்பதில் யோசிக்க ஒன்றும் இல்லை. மகளுக்கு ஓட்டத் தெரிந்துவிட்டது. மிச்சம் இருந்தது கணவர். வாழ்நாள் முழுக்கச் சைக்கிளிலேயே போய் வந்தவர். அரை மில்லிமீட்டர் பிசகாமல் பல் இழைக்கிறவர், கார் என்றால் பத்தடி தள்ளித்தான் நிற்பார்.

"பல்லுன்னா கைக்குள்ள இருக்கும்மா. இது என்னையே உள்ள வெச்சுக்கிட்டுப் போகுது" என்றார் ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்துக்கொண்டே. துடைத்தது ஸ்டியரிங்கின் வேர்வை இல்லை என்று சொல்லத் தேவையில்லை.

மேடம் பின்னால் ஏறினாள். பிரேக்குக்கு அடியில் பிஸ்கட். ஃபிரிட்ஜ் கதவில் கடிதம். அக்காவின் கால் தரையில், பிரேக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி.

மைதானத்தில் ஐந்து சுற்று. வண்டி நான்கு தடவை துள்ளி நின்றது. முதல் மூன்று தடவையும் அவர் அவளைப் பார்த்தார். அவள் முன்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். நான்காவது தடவை அவர் அவளைப் பார்க்கவில்லை, கியரைப் பார்த்தார். அப்புறம் அமைதியான இரண்டு தெருக்கள். ஓர் அஞ்சல்காரர் ஓரமாகப் போனார். அக்கா மூன்று பார்வை பார்த்தாள். கணவர் தானாகவே வேகத்தைக் குறைத்து விலகினார். அவர் காது சிவந்திருந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த காது.

கடைசியில் அலுவலகத்துக்குப் பின்னால் வண்டியைப் பின்பக்கமாக விட்டு நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் சுவர், பின்னால் ஓர் இரும்புக் கம்பம். அதில் டிரைவிங் ஸ்கூல் போர்டு தொங்கியது.

வண்டி பின்னால் நகர்ந்தது. அவர் வளைத்த விதத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கம்பத்தில் மோதும். அவள் கால் தரையிலிருந்து எழுந்தது. பிரேக்கின் மேல் வந்து நின்றது.

பின்னால் ஆள் இல்லை, நாய் இல்லை, பூனை இல்லை. வேகம், ஒரு குழந்தை தவழ்கிற வேகம். கை? அவர் கை ஸ்டியரிங்கில் மெதுவாக, தடவித் தடவி, ஒரு தாடைக்குள் பல்லை உட்கார வைக்கிற மாதிரி இடம் தேடிக்கொண்டிருந்தது. அந்தக் கையை அவளுக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். அது யோசித்துக்கொண்டிருந்தது.

காலைக் கீழே இறக்கினாள்.

டங் என்று ஒரு சத்தம். போர்டு ஆடியது.

போச்சு, என்று நினைத்தாள் அக்கா. பதினெட்டு வருடம் ஒரு கீறல் இல்லை, இருபத்தொரு வருடம் ஒரு புள்ளி தவறவில்லை. இன்றைக்குக் கண்ணெதிரே ஒரு தப்பை நடக்க விட்டுவிட்டாள். பச்சைப் பொத்தான்தான் இனி. ஆச்சரியம் என்னவென்றால், பிரேக்கை மிதிக்காமல் காலை எடுத்ததற்கு அவள் வருத்தப்படவில்லை. மறுபடி அதே இடம் வந்தாலும் அதையேதான் செய்வாள்.

கணவர் இறங்கிப் பின்னால் போனார். குனிந்து, வளைந்த தகட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு மில்லிமீட்டர்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் வந்தார். "நீ பாத்துக்கிட்டுதானே இருந்தே?"

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"இடிக்கும்னு தெரியுமா?"

"தெரியுங்க."

அவர் அவளையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் போய் மறுபடி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

"வண்டி எங்க முடியுதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. இன்னொரு தடவை வரேன். நீ ஒண்ணும் சொல்லாதே."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முன்னால் எடுத்து, வளைத்து, பின்னால் வந்து, சுவருக்கும் கம்பத்துக்கும் நடுவில் வண்டியை நிறுத்தினார். அப்படி உட்கார்ந்தது, அளவெடுத்துச் செய்த பல் மாதிரி. இன்ஜினை அணைத்துவிட்டு, "ம்ம்?" என்றார். அந்த முகத்தில் கணக்கு டீச்சரின் அதே சிரிப்பு. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மேடம் இறங்கி வந்து, அக்கா பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து, காகிதத்தைப் பிரித்தாள். பிஸ்கட் முழுசாக இருந்தது. அப்புறம் பின்னால் போய் நெளிந்த இடத்தைப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பேனாவை எடுத்து, பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினாள். அப்போதுதான் அக்கா கவனித்தாள். வண்டியைச் சுற்றிலும் நெளிவுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஒரு தேதி. இத்தனை நாள் அந்த வண்டியில் வந்து போயிருக்கிறாள். தப்பைப் பிடிக்கும் கண்ணுக்கு இது மட்டும் எப்படியோ தப்பியிருக்கிறது.

"இதுவரைக்கும் பதினோரு பேர் சொல்லிக்கொடுக்க வந்தாங்க அக்கா" என்றாள் மேடம். "கம்பத்துக்கிட்ட வந்ததும் முக்கால்வாசிப் பேர் மிதிச்சுடுவாங்க. மூணு பேர்தான் மிதிக்கல. அதுல ஒருத்தர் தூங்கிட்டாரு."

"மேடம், வண்டி டொக்கு விழுந்துடுச்சே..."

"டொக்கு தட்டினா போயிடும். திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்க."

மாலை நான்கரைக்கு அக்கா ஃபிரிட்ஜ் கதவிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜருக்கு போன் செய்தாள். வரமுடியாது என்று சொன்னாள். அவர் நம்பவில்லை.

"வேற எங்க சேந்தீங்க? அங்கயும் செக்கிங் வேலைதானா?"

"இல்ல சார். இங்க தப்பு பண்ண விடணும்."

மேனேஜர் அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு வாழ்த்துகள் என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தக் காந்தத்துக்கு அடியில் மகள் பிஸ்கட்டின் காகிதத்தை மாட்டிவைத்தாள். பிஸ்கட்டை அப்பாவும் மகளும் ஆளுக்குப் பாதியாகத் தின்றுவிட்டிருந்தார்கள். கால் பட்ட இடத்தில் கிடந்தது என்று அக்கா கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவளுடைய முதல் சொந்த மாணவர் வந்தார். பெரிய துணிக்கடையில் மேலாளராம், வாட்டசாட்டமான ஆள். ஸ்டியரிங்கைத் தொட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா தானே ஒரு பிஸ்கட்டைச் சுற்றி, குனிந்து, பிரேக்குக்கு அடியில் ஒட்டினாள். காலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"மேடம், நான் தப்பா ஓட்டிட்டா என்ன ஆகும்?" என்றார் அவர்.

"டொக்கு விழும்" என்றாள் லேபிள் அக்கா. "எடுங்க வண்டிய."